நினைவு நாணய செட்: நீங்க காசு கொடுப்பது நாணயத்துக்கா, பெட்டிக்கா?



ரீல்ஸ் பார்த்துக்கிட்டு இருக்கும்போது நடுவுல ஒரு விளம்பரம் வருது. சிவப்பு வெல்வெட் பெட்டி மெதுவா திறக்குது. உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்குற ஒரு ₹100 நாணயம். லிமிடெட் எடிஷன், வெள்ளி, வருங்கால முதலீடுன்னு எழுத்து ஓடுது. விலை ₹6,000. உங்களுக்குச் சம்பளம் ஏறி இரண்டு நாள்தான் ஆச்சு. வாங்கலாமா?

வேண்டாம்னு ஒரே வரியில சொல்லிட்டு போறது இந்தப் பதிவோட நோக்கம் இல்லை. நாணயம் சேர்க்கிறது நல்ல பொழுதுபோக்கு. ஆனா அதை முதலீடுன்னு யாராவது சொல்லும்போது, நீங்க கொடுக்கிற ₹6,000 எதெதுக்குப் போகுதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். அந்தக் கணக்கை இன்னைக்குப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி, சுமார் 170 வருஷம் பழைய ஒரு பெட்டியோட கதை. இந்தக் கதை புரிஞ்சா மீதி எல்லாமே சுலபம்.

ஒரு போட்டோ பெட்டியின் கதை

1839-ல் பிரான்ஸில் டாகரோடைப் என்கிற புகைப்பட முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டுச்சு. வெள்ளி பூசின செம்புத் தகட்டு மேல நேரடியா விழுற படம் அது. விரல் பட்டாலே அழிஞ்சுடும். அதனால படத்துக்கு மேல பித்தளைச் சட்டம், கண்ணாடி எல்லாம் வச்சு, உள்ளங்கையில் அடங்குற ஒரு சின்ன பெட்டிக்குள்ள பூட்டித்தான் கொடுப்பாங்க. ஆரம்பத்துல மரத்துல செய்து தோல் ஒட்டின பெட்டிகள்.

1854-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமுவேல் பெக் என்பவர் வேற மாதிரி பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அரக்கையும் மரத்தூளையும் நிறப்பொடியையும் கலந்து, சூடாக்கி, எஃகு அச்சுல வச்சு அழுத்தினா நுணுக்கமான பூவேலை, உருவங்கள் எல்லாம் அப்படியே விழும். யூனியன் கேஸ்னு இதுக்குப் பேர். இன்னைக்கு நாம பார்க்கிற பிளாஸ்டிக் பொருட்களுக்கு முன்னோடிகள்ல இதுவும் ஒண்ணு. அரக்குன்னா வேற எதுவும் இல்லை, நம்ம ஊர் மரச்சாமான் பாலிஷில் போடுற அதே ஷெல்லாக்தான். உலகச் சந்தைக்கு அதை நிறைய அனுப்பின நாடு இந்தியா.

1860-களில் அட்டையில் ஒட்டின காகிதப் படங்கள் மலிவா வந்ததும் இந்தப் பெட்டிகளின் காலம் முடிஞ்சுது. மக்கள் பரண்ல போட்டாங்க, உடைச்சாங்க, குப்பையில எறிஞ்சாங்க. கீழே விழுந்தா ஓரம் சில்லு சில்லா உடையிற பொருள் வேற. அப்படித் தப்பிப் பிழைச்ச பெட்டிகளைத்தான் இன்னைக்குச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குறாங்க. கீல் உடையாம, மூலை சிதையாம, அபூர்வமான டிசைனோட இருந்தா நல்ல விலை.

1995-ல் அமெரிக்க அரசின் நாணயச்சாலை, உள்நாட்டுப் போர்க்களங்களின் நினைவா நாணயங்கள் வெளியிட்டது. தங்கத்துல ஐந்து டாலர், வெள்ளியில ஒரு டாலர், வெள்ளியே இல்லாத அரை டாலர். விலையில் ஒரு பகுதி போர்க்கள நிலங்களைப் பாதுகாக்கப் போகும்னு சொல்லி வித்தாங்க. அந்த விற்பனையில ஒரு வகை செட், பழைய யூனியன் கேஸ் மாதிரியே செய்த பெட்டியில் வந்துச்சு. அசல் பெட்டி படத்தைக் காப்பாத்தச் செய்தது. இந்த நகல் பெட்டி, வாங்குறவர் பத்திரமா வச்சுக்கணும்னே செய்தது.

வித்தியாசம் இங்கேதான் இருக்கு. அசல் பெட்டியை யாரும் சேகரிப்புப் பொருளா நினைக்கலை. அதனால பெரும்பாலானவை அழிஞ்சுபோச்சு, மிச்சம் இருப்பது அபூர்வம் ஆச்சு. நகல் பெட்டியை வாங்கின எல்லாரும் முதல் நாளே பத்திரப்படுத்திட்டாங்க. எல்லார் வீட்டு பீரோவிலும் புத்தம் புதுசா இருக்குற பொருள் எப்படி அபூர்வம் ஆகும்? 30 வருஷம் ஆனாலும் அது பழசு ஆகும், அபூர்வம் ஆகாது.

இதை மனசுல வச்சுக்கிட்டு நம்ம நாட்டு வெல்வெட் பெட்டிக்கு வருவோம்.

இந்தியாவில் நினைவு நாணயம் எங்கிருந்து வருது?

நம்ம நாட்டில் நாணயம் அடிப்பது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நாலு நாணயச்சாலைகள். மத்திய அரசின் எஸ்பிஎம்சிஐஎல் நிறுவனத்துக்குக் கீழே இவை இயங்குது. நாணயத்துல வருஷத்துக்குக் கீழே உத்துப் பாருங்க. நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், புள்ளி இருந்தா நொய்டா, வைரக் கட்டம் இருந்தா மும்பை, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா.

சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்கள் 1964-ல் நேரு படத்தோட ஆரம்பிச்சுது. அன்றிலிருந்து தலைவர்கள், நிறுவனங்கள், நிகழ்வுகள்னு நிறைய வந்துடுச்சு. நம்ம பக்கத்துக்குச் சொந்தமானதே பல இருக்கு. காமராஜர் நூற்றாண்டு, அண்ணா நூற்றாண்டு, தஞ்சை பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு, எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி நூற்றாண்டு.

பெட்டியில் விக்கிற செட் இரண்டு தரத்தில் வரும்:

- யூஎன்சி: வழக்கமான முறையில் அடிச்சு, புழக்கத்துக்கு விடாம அப்படியே பேக் செய்தது.
- ப்ரூஃப்: மெருகேத்தின அச்சுல, மெருகேத்தின தகட்டை வச்சு, ஒரு தடவைக்கு மேல அழுத்தி அடிச்சது. பின்னணி கண்ணாடி மாதிரியும் உருவம் வெண்பனி மாதிரியும் தெரியும்.

ஒரே நாணயத்தோட இந்த இரண்டு தரத்துக்கும் உலோகமும் எடையும் ஒண்ணுதான். ப்ரூஃப் விலை அதிகமா இருக்கக் காரணம் வேலைப்பாடு மட்டுமே.

முகமதிப்பைப் பார்த்து ஏமாறாதீங்க

நிறைய பேர் ₹1000 நாணயத்துல ₹100 நாணயத்தை விடப் பத்து மடங்கு சமாச்சாரம் இருக்கும்னு நினைக்கிறாங்க. உண்மையான கணக்கு இதோ:

- காந்தி நூற்றாண்டு ₹10 (1969): எடை 15 கிராம், வெள்ளி 80%. சுத்த வெள்ளி 12 கிராம்.
- தஞ்சை பெரிய கோயில் ₹1000 (2010): எடை 35 கிராம், வெள்ளி 80%. சுத்த வெள்ளி 28 கிராம்.
- எம்.ஜி.ஆர். நூற்றாண்டு ₹100 (2017): எடை 35 கிராம், வெள்ளி 50%. சுத்த வெள்ளி 17.5 கிராம்.
- புதிய நாடாளுமன்றம் ₹75 (2023): எடை 35 கிராம், வெள்ளி 50%. சுத்த வெள்ளி 17.5 கிராம்.
- ரிசர்வ் வங்கி 90 ஆண்டு ₹90 (2024): எடை 40 கிராம், வெள்ளி 99.9%. சுத்த வெள்ளி கிட்டத்தட்ட 40 கிராம்.

பார்த்தீங்களா? ₹1000 நாணயத்தை விட ₹90 நாணயத்துல வெள்ளி அதிகம். ₹75-லயும் ₹100-லயும் ஒரே அளவு. பாதி வெள்ளின்னு சொல்ற நாணயங்கள்ல மீதி 40% செம்பு, 5% நிக்கல், 5% துத்தநாகம். அதனால விளம்பரத்துல "வெள்ளி நாணயம்"னு மட்டும் போட்டிருந்தா உடனே இரண்டு கேள்வி கேளுங்க: மொத்த எடை எவ்வளவு? அதுல வெள்ளி எத்தனை சதவீதம்?

இன்னொரு விஷயம், இரண்டு நாணயம் இருக்குற செட். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு ₹100-ம் ₹5-ம் வந்துச்சு. பக்கத்துல பக்கத்துல வச்சா இரண்டுமே ஒரே மாதிரி கம்பீரமா தெரியும். ஆனா ₹5 நாணயத்துல வெள்ளி துளியும் கிடையாது. 1995-ல் அமெரிக்க செட்ல அரை டாலருக்கு இருந்த அதே கதைதான்.

₹6,000-ஐப் பிரிச்சுப் பார்ப்போம்

சமயநல்லூர்ல இருந்து தினமும் பஸ் பிடிச்சு மதுரைக்கு வேலைக்குப் போற ஒருத்தர், கையில வர்ற சம்பளம் ₹28,000-ன்னு வச்சுக்குவோம். அவர் முன்னாடி இரண்டு வழி இருக்கு. கணக்கு சுலபமா வர, ஒரு கிராம் சுத்த வெள்ளி ₹200-ன்னு எடுத்துக்கிறேன். நீங்க படிக்கிற நாளோட விலையைப் போட்டு ஒரு தடவை கணக்கு பண்ணிப் பாருங்க.

வழி 1: 50% வெள்ளி, 35 கிராம் நினைவு நாணயம் ₹6,000-க்கு.
உள்ளே இருக்கும் வெள்ளி 17.5 கிராம். அதோட மதிப்பு ₹3,500. மீதி ₹2,500 எங்கே போச்சு? வரி, அச்சடிப்புச் செலவு, பெட்டி, அப்புறம் அந்தத் தலைவர் அல்லது நிகழ்வோட பேர். இதை நான் "கதை விலை"ன்னு சொல்வேன்.

வழி 2: அதே ₹6,000-க்கு சுத்த வெள்ளிக்கட்டி.
3% ஜிஎஸ்டி போக ₹5,825-க்கு வெள்ளி கிடைக்கும். அதாவது சுமார் 29 கிராம். கடைக்காரர் செய்கூலி போட்டா இன்னும் கொஞ்சம் குறையும்.

இப்போ வெள்ளி விலை இரண்டு மடங்கு ஆகி, கிராம் ₹400-க்கு வருதுன்னு வைங்க. வழி 2-ல் உங்க கையில் இருப்பது சுமார் ₹11,650. வழி 1-ல் உலோக மதிப்பு ₹7,000. வெள்ளி நூறு சதவீதம் ஏறியும் நாணயத்தின் உலோக மதிப்பு நீங்க போட்ட பணத்தைத் தாண்டி ₹1,000 தான் கூடியிருக்கு.

போட்ட காசு உலோகமா மட்டும் திரும்பி வரணும்னா வெள்ளி கிராம் சுமார் ₹343 ஆகணும். அதுவரைக்கும் உங்க லாபம் எல்லாமே "கதை விலை"யை யாராவது திருப்பிக் கொடுப்பாங்களாங்கறதை நம்பித்தான் இருக்கு.

உலோக மதிப்பும் சுலபமா கைக்கு வராது. 2011-ம் வருஷ நாணயச் சட்டம் நாணயத்தை உருக்குறதைத் தடை செய்யுது. தெற்காவணி மூல வீதியில ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோய், பழைய கொலுசு போடுற மாதிரி தராசுல போட்டு காசாக்க முடியாது. இன்னொரு சேகரிப்பாளரையோ நாணய வியாபாரியையோ தேடித்தான் விக்கணும். வியாபாரி லாபம் வைக்காம வாங்க மாட்டார். வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இருக்குற இந்த இடைவெளியைப் பத்தி எந்த விளம்பரமும் பேசாது.

அப்போ விலை ஏறவே ஏறாதா?

சில சமயம் ஏறும். எந்தப் பொருளுக்கு ஏறுதுன்னு பார்த்தா மறுபடியும் போட்டோ பெட்டியோட கதைதான். மூணு விஷயம் ஒண்ணா சேரணும்:

1. எண்ணிக்கை குறைவா இருக்கணும். லிமிடெட்னு எழுதியிருந்தா போதாது. எத்தனை பேர் பதிவு செய்றாங்களோ அத்தனை அடிச்சுக் கொடுக்குற செட்டுக்கு லிமிடெட்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை.
2. புதுசா வாங்க ஆள் வந்துக்கிட்டே இருக்கணும். பெரிய கோயில் மேல இருக்குற ஈர்ப்பு தலைமுறை தாண்டியும் இருக்கும். இந்தியாவில் ₹1000 முகமதிப்புல வந்த முதல் நாணயமும் அதுதான். ஒரு அரசு நிறுவனத்தோட ஆண்டு விழா நாணயத்தை 20 வருஷம் கழிச்சு யார் தேடுவாங்க?
3. நிலைமை கெடாம இருக்கணும். பெட்டி, சான்றிதழ், நாணயம் மூணும் அன்னைக்கு வந்த மாதிரியே இருந்தாத்தான் முழு விலை.

இதுல உங்க கையில இருப்பது மூணாவது மட்டும்தான். முதல் இரண்டும் உங்க கட்டுப்பாட்டுல கிடையாது. அதனாலதான் இதை எஸ்ஐபி பக்கத்துல வச்சுப் பேசக் கூடாது.

வரி விஷயம்: பூஜை ரூம்ல வச்சாலும் வரி உண்டு

"இது என் சொந்த உபயோகப் பொருள், வித்தா வரி எதுக்கு?"ன்னு கேட்கலாம். 1976-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல இதுக்குப் பதில் சொல்லியிருக்கு. தோல்பூர் மகாராஜா தரப்பு, லட்சுமி பூஜையில வைக்கிற தங்க சவரன்களையும் வெள்ளி ரூபாய்களையும் வெள்ளிக் கட்டிகளையும் தனிப்பட்ட உபயோகப் பொருள்னு வாதாடினாங்க. நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. வித்ததில் வந்த லாபம் மூலதன ஆதாயம்தான்னு தீர்ப்பு வந்துச்சு.

2024 ஜூலை 23-க்கு அப்புறம் இருக்கும் விதிப்படி, 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபத்துல 12.5% வரி, கூடவே செஸ். அதுக்கு முன்னாடி வித்தா லாபம் உங்க வருமானத்தோட சேர்ந்து உங்க ஸ்லாப் படி வரி. இதுக்கு நீங்க வாங்கின விலைக்கு ஆதாரம் வேணும். பில்லை பெட்டிக்குள்ளேயே போட்டு வைக்காதீங்க, மை ஒட்டிக்கும். போட்டோ எடுத்து மெயில்ல வச்சுக்கோங்க.

பெரிய நஷ்டம் வர்ற இடம்: "உங்க பழைய நாணயத்துக்கு லட்சம் தர்றோம்"

₹6,000-க்கு செட் வாங்கி ₹4,000-க்கு வித்தா நஷ்டம் ₹2,000-த்தோட முடிஞ்சுது. இதைவிடப் பெரிய ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கு. டிராக்டர் படம் போட்ட ₹5 நோட்டு இருக்கா, வைஷ்ணவி தேவி நாணயம் இருக்கா, லட்சக்கணக்குல வாங்குறோம்னு வர்ற வீடியோக்களும் விளம்பரங்களும்.

நீங்க போட்டோ அனுப்புவீங்க. உடனே ஓகே ஆகும். அப்புறம் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்னு ஒவ்வொண்ணா கேட்பாங்க. முதல்ல ₹1,000 கட்டுவீங்க. அடுத்து ₹5,000. ஏற்கெனவே கட்டினது போயிடக் கூடாதேன்னு அடுத்ததையும் கட்டுவீங்க. இப்படித்தான் ஒரு மாசச் சம்பளம் போகுது.

2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே இது பத்தி எச்சரிக்கை கொடுத்திருக்கு. பழைய நோட்டு, நாணயம் வாங்குற விக்கிற விஷயத்துல ரிசர்வ் வங்கி ஈடுபடுவது இல்லை. அதுக்காக எந்தக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. தன் பேர்ல வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை. அதனால விதி ஒண்ணே ஒண்ணு: விக்கிறவர் நீங்க. பணம் உங்க பக்கம்தான் வரணும். உங்ககிட்ட இருந்து பணம் கேட்டாலே அது மோசடி. ஏற்கெனவே பணம் போயிருந்தா தாமதிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க.

இதை வீட்டுலயும் சொல்லி வைங்க. இந்த வலையில விழுறது நம்ம வயசுக்காரங்க மட்டும் இல்லை. ரிட்டயர் ஆன அப்பாவும் சித்தப்பாவும்தான் உண்டியலைக் கொட்டி உட்கார்ந்து தேடுவாங்க.

நாணயமா, மெடலா?

இன்னொரு குழப்பமும் உண்டு. வெல்வெட் பெட்டியில வர்றது எல்லாமே நாணயம் கிடையாது. மத்திய நிதி அமைச்சகம் அரசிதழ்ல அறிவிச்சு, முகமதிப்பும் அசோகச் சின்னமும் வருஷமும் போட்டு வந்தாத்தான் அது நாணயம். ரூபாய் மதிப்பே போடாம சாமி படமோ தலைவர் படமோ வச்சு வர்றது நினைவுப் பொருள், மெடல். தனியார் கம்பெனிகள் மட்டும் இல்லை, அரசு நாணயச்சாலையே இப்படி நினைவுப் பொருட்களையும் விக்குது. வாங்கறதுல தப்பு இல்லை. ஆனா எதை வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும்.

வெளிநாட்டு இணையதளங்கள்ல பழைய போட்டோ பெட்டி தேடுறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. டாகரோடைப் படம் கண்ணாடி மாதிரி முகம் காட்டும், சாய்ச்சுப் பிடிச்சாத்தான் உருவம் தெரியும். டின்டைப் இரும்புத் தகடு, அதனால காந்தம் ஒட்டும். பெட்டி அசல், படம் வேற இடத்துல இருந்து எடுத்துப் பொருத்தினது என்பதும் நடக்கும். கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்தா விலை எங்கேயோ போயிடும். முதல் வருஷ சம்பளக்காரங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆசை இருக்கு, எப்படி ஆரம்பிக்கிறது?

முதல் படி, செலவே இல்லாதது. காமராஜர் ₹5, தமிழ்க் கையெழுத்தோட வந்த அண்ணா ₹5, பெரிய கோயில் ₹5 எல்லாம் புழக்கத்துக்கு வந்த நாணயங்கள். பஸ்ல, டீக்கடையில, பரவை மார்க்கெட்ல கிடைக்கிற சில்லறையைப் பார்க்க ஆரம்பிங்க. ஒவ்வொண்ணுக்கும் ஐந்து ரூபாய்தான் செலவு. தேய்மானம், நாணயச்சாலை அடையாளம், வருஷம் எல்லாம் கண்ணுக்குப் பழகும். சென்னை போனா எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல நாணயப் பகுதியைப் பார்த்துட்டு வாங்க.

இரண்டாவது படி, பட்ஜெட். அவசர நிதி, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி மூணும் முடிஞ்ச பிறகு, சம்பளத்துல 2% மட்டும் இதுக்கு ஒதுக்குங்க. ₹28,000 சம்பளத்துக்கு மாசம் ₹560. வருஷத்துக்கு ₹6,720. அதாவது வருஷத்துக்கு ஒரு நல்ல செட். சினிமா டிக்கெட் வாங்குற மாதிரி, திரும்பி வராத காசுன்னு நினைச்சு வாங்குங்க. பின்னாடி விலை ஏறினா அது போனஸ். கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல மட்டும் வாங்கவே வாங்காதீங்க.

மூணாவது படி, அரசு நாணயச்சாலை இணையதளத்துல நேரடியா வாங்குங்க. அங்க என்ன விலைன்னு பார்க்காம, அதே செட்டை வேற யார்கிட்டயும் வாங்காதீங்க. வெளியீட்டு வாரத்துல பரபரப்பு உச்சத்துல இருக்கும், கைமாத்து விலையும் உச்சத்துல இருக்கும். ஆறு மாசம் பொறுத்துப் பாருங்க.

நாலாவது படி, பராமரிப்பு. நம்ம வீட்டுல வெள்ளி கறுத்துப் போனா விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்கிறது பழக்கம். ப்ரூஃப் நாணயத்துல அதைச் செய்தா அந்தக் கண்ணாடிப் பளபளப்பு நிரந்தரமா போயிடும், விலையும் போயிடும். நாணயத்தைத் தொடவே வேண்டாம், தொட்டா ஓரத்தைப் பிடிங்க. ரப்பர் பேண்ட், மலிவான பிவிசி கவர், செய்தித்தாள் எதுவும் பக்கத்துல வேண்டாம். ஒரு சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு பீரோவுல வைங்க.

ஐந்தாவது படி, பட்டியல். என்ன நாணயம், எப்போ வாங்கினது, என்ன விலை, எங்கே இருக்கு. ஒரு தாள்ல எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்ட கொடுங்க. இல்லைன்னா உங்க ₹6,000 நாணயத்தை அம்மா நல்ல மனசோட அழகர்கோவில் உண்டியல்ல ₹100-ஆ போட்டுட்டு வந்துடுவாங்க.

உங்க வீட்டுப் பரணையும் பாருங்க

1858-லேயே லின்னேயஸ் டிரைப் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரைக்கு வந்து மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்திருக்கார். மெட்ராஸ்ல போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆரம்பிச்சது 1856-ல். இந்தப் பக்கம் போட்டோ எடுக்குற பழக்கத்துக்கு அவ்வளவு வயசு. தாத்தா பாட்டி கல்யாணப் படம், ஸ்டூடியோ பேர் அச்சடிச்ச அட்டையோட உங்க வீட்டுப் பரண்ல இருக்கலாம். வீடு மாத்தும்போது பழைய சட்டத்தோட அதைப் பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க. காசு கணக்குல அது எவ்வளவு பெறும்னு சொல்ல முடியாது, ஆனா வெல்வெட் பெட்டியில எவ்வளவு கொடுத்தாலும் இன்னொண்ணு வாங்க முடியாத பொருள் அது. செல்போன்ல ஸ்கேன் பண்ணி, பின்பக்கம் பென்சில்ல யார் யார்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. இன்னொரு தகவல்: 100 வருஷத்துக்கு மேல பழைய கலைப்பொருளும் நாணயமும் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரலாம். அப்படிப்பட்டதை நம்ம இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

வாங்கும் முன் ஐந்து கேள்வி

1. மொத்த எடை, வெள்ளி சதவீதம் இரண்டும் தெரியுமா?
2. இன்னைய வெள்ளி விலையில உலோக மதிப்பு எவ்வளவு? மீதி எத்தனை சதவீதம்?
3. இது அரசிதழ்ல அறிவிச்ச நாணயமா, நினைவுப் பொருளா?
4. நாளைக்கே விக்கணும்னா யார் வாங்குவாங்க, என்ன விலைக்கு?
5. விலை ஏறவே இல்லைன்னாலும் இது என் பீரோவுல இருக்கறது எனக்குச் சந்தோஷமா?

ஐந்தாவது கேள்விக்கு ஆமாம்னு பதில் வந்தா, 2% பட்ஜெட்டுக்குள்ள தாராளமா வாங்குங்க. முதல் நாலுக்கும் பதில் தெரியாம, விலை ஏறும்னு ஒரே நம்பிக்கையில வாங்குறதா இருந்தா, அந்த ₹6,000-ஐ அவசர நிதிக்கே போடுங்க.

ஏற்கெனவே உங்க வீட்டுல ஒரு செட் இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமை அதோட சான்றிதழை எடுத்து எடையையும் வெள்ளி சதவீதத்தையும் பார்த்து, மேல இருக்குற கணக்கைப் போட்டுப் பாருங்க. உங்க செட்ல கதை விலை எத்தனை சதவீதம் வந்துச்சுன்னு வீடியோவுக்குக் கீழே எழுதுங்க. அடுத்த வீடியோவுல வெள்ளி இடிஎஃப், வெள்ளிக்கட்டி, கொலுசு மூணையும் இதே மாதிரி பிரிச்சுப் பார்க்கலாம்.

குறிப்பு: இந்தப் பதிவு தகவலுக்காக மட்டும். வரி விஷயத்துல உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.